தோன் அபுந்தியோவின் முக்காலி

பனி கொட்டிய காலைகளில் தோன் அபுந்தியோவிடம் மெழுகுவர்த்தி கேட்டால் முகவாயைத்தான் நீட்டுவார். "அந்தா இருக்கு பாரு, நீயே எடுத்துக்க." கையைக் கொடுக்க மாட்டார். வலது கை மடியில் விரிந்து கிடக்கும். நடுவில் கட்டைவிரல் பருமனில் ஒரு சிட்டு விறைத்துக் கிடக்கும். சந்தையின் தகரக்கூரை இடுக்கு வழியாக விழும் வெயில் துண்டில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

நான் எதிர்க்கடை. சோளமாவு அடைக்குள் அவரைப் பருப்பை வைத்துச் சுட்டு விற்கிறேன். பதினான்கு வருஷமாக அவர் முகத்தில்தான் என் வியாபாரம் விழிக்கிறது. வாயைத் திறந்தால் குறை. காப்பியில் பட்டை போதாது, பாதிரியார் பூசையை இழுக்கிறார், என் அடை உப்புக் கரிக்கிறது. சொல்லிக்கொண்டே மூன்றை உள்ளே தள்ளுவார். வயிற்றுவலிக்கு மூலிகை, கண்ணேறுக்குக் கறுப்பு மெழுகுவர்த்தி, பரீட்சைக்குப் பச்சை மெழுகுவர்த்தி என்று அவரிடம் எல்லாம் உண்டு. இப்போது இல்லாதது ஒன்றுதான். செத்த ஓசனிச்சிட்டு.

பூவின் முன்னால் அந்தரத்தில் நின்று தேன் உறிஞ்சும் அதை நாங்கள் ரோஜாவுறிஞ்சி என்போம். அதன்மேல் சிவப்பு நூலைச் சுற்றி, பெயர்ச்சீட்டோடு துணியில் பொதிந்து தலையணைக்கடியில் வைத்தால் போனவன் திரும்பி வருவான் என்பது எங்கள் மலைச்சீமை நம்பிக்கை. அதிலும் அபுந்தியோ கை பட்ட பொட்டலத்துக்குத் தனி மவுசு. மூன்று ஊர் தள்ளியிருந்தெல்லாம் பெண்கள் வருவார்கள்.

நானும் ஒருநாள் போய் நின்றேன். என் புருஷன் ருத்தீலியோ எல்லை தாண்டி வடக்கே ஆப்பிள் பறிக்கப் போய் இரண்டு வருஷம். கடைசி ஒன்பது மாதம் ஒரு பேச்சுமூச்சு இல்லை. அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று என் நாத்தனாரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஜனவரி மாதம், வாளித் தண்ணீர் உறைகிற குளிர். விறகுவெட்டி மக்காரியோ அன்று காலையில்தான் ஒரு செம்புநிறச் சிட்டைக் கொண்டுவந்து, பனியில் செத்துக் கிடந்தது என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

அபுந்தியோ நூலைச் சுற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் நான் ருத்தீலியோ பெயரைச் சொல்ல வேண்டும். ஏழு சுற்று முடிந்தபோது வெயில் மேசைமேல் ஏறியது. எட்டாவதற்கு வாயெடுத்தேன்.

"சொல்லாத எர்மினியா. பேரச் சொல்லாத. இது துடிக்குது."

கத்தரி பக்கத்திலேயே கிடந்தது. இறகு வெட்டுப்பட்டுவிடுமோ என்று அவர் எடுக்கவில்லை. ஏழு சுற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். சிட்டின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஓர் ஈடு அடை வேகும் நேரம் கழித்து அது கண்ணைத் திறந்து, உதறி, விர்ரென்று கிளம்பி, பூக்காரியின் சிவப்புப் பூத்தொட்டிக்குப் போய், அங்கே தேன் குடித்துக்கொண்டிருந்த இரண்டு சிட்டுகளை அடித்துத் துரத்தியது. பிழைத்த மறு நிமிஷமே சண்டை!

பின்னால், பறவைகளின் காலில் வளையம் மாட்ட வந்த ஒரு பெண் விளக்கினாள். குளிர் ராத்திரியில் இவை தங்கள் உடம்பின் அடுப்பைத் தாமே அணைத்துக்கொள்ளுமாம். எரியவிட்டால் விடிவதற்குள் பசி கொன்றுவிடும். நெஞ்சுத் துடிப்புகூட வெளியே தெரியாது. வெயில் பட்டால் எழுந்துவிடும். செம்புநிறத்தவை வடக்கே பனிமலைகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு எங்களிடம் வருகிறவை என்றும் சொன்னாள். அதைக் கேட்டதும் அபுந்தியோ எழுந்து கடைக்குப் பின்னால் போய்விட்டார்.

அந்த ஜனவரிக் காலையில் அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. நான் நிற்பதே மறந்துவிட்டது. "குளிர்காலத்துல வந்ததுதான் எல்லாமே," என்றார். "அம்புட்டையும் நான்தானே கட்டுனேன்." அப்புறம் என்னைப் பார்த்தார். "பொட்டலம் கெடையாது, போ. அவன்கூட வேல பாத்தவன் எவனாச்சும் இருப்பான்ல, தேடு. சும்மா உக்காந்துக்கிட்டு இருக்காத."

வாயில் வந்தபடி திட்டிவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் தேடினேன். வடக்கே போய்வந்தவன் ஒருவனிடம் ஒரு தொலைபேசி எண் கிடைத்தது. ருத்தீலியோ ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு, வெறுங்கையோடு நொண்டிக்கொண்டு எப்படி வருவது என்று வெட்கப்பட்டுப் படுத்திருந்தான். பத்து நிமிஷம் அவனை ஏசினேன், பத்து நிமிஷம் அழுதேன். அக்டோபரில், செம்புநிறச் சிட்டுகள் வந்திறங்கிய அதே வாரம், வந்து சேர்ந்தான். இப்போது என் முதுகுக்குப் பின்னால் சோளம் அரைக்கிறான்.

அந்த எட்டாவது சுற்றும் விழுந்திருந்தால் தலையணைக்கடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கும் காத்துக் கிடப்பேன். ஆயுசுக்கும் நன்றி மறக்க மாட்டேன் என்று அவரிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன். "உப்பக் கொற, அது போதும்," என்றார்.

மக்காரியோவும் மற்றவர்களும் விறைத்த சிட்டுகளை இன்றும் அவரிடம்தான் கொண்டுவருகிறார்கள். அவர் கையில் வெயில் பட்டதும் பெரும்பாலும் எழுந்துவிடும். பறந்து போனதும் அவர் வழக்கம்போலக் குறை சொல்வார்: "போறதப் பாரு, ஒரு வார்த்த சொல்லுதா?"

போன செவ்வாய்க்கிழமை வந்தது எழவில்லை. மத்தியானம் ஆயிற்று. செத்துவிட்டது என்றான் மக்காரியோ. பூக்காரியும் குனிந்து பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். நானும் பக்கத்தில் போய் அதையே மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"வெயில் பத்தல," என்றார்.

வெயில் துண்டு நகர்ந்து இறைச்சிக்கடைப் பக்கம் போனது. அவர் எழுந்தார். வலது உள்ளங்கை இம்மியும் சாயாமல், இடது கையால் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். வெயில் வாசலுக்கு நகர்ந்தது, அவரும் நகர்ந்தார். ருத்தீலியோ நொண்டிக்கொண்டே போய் முக்காலியை வாங்கப் பார்த்தான், கொடுக்கவில்லை. அவர் கடையின் மெழுகுவர்த்திகளை நான்தான் விற்றுக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்குச் சந்தை முழுக்க நிழல். எதிரே மாதா கோயிலின் மேல்படியில் மட்டும் கொஞ்சம் வெயில் மிச்சமிருந்தது. அவர் படியேறி, முக்காலியை அங்கே போட்டு உட்கார்ந்து, கையை வெயிலுக்கு நீட்டினார்.