வலது வளைவில் வரும் காய்ச்சல்

என் கல்யாண முகூர்த்தம் எட்டிலிருந்து ஒன்பது. மாப்பிள்ளைக்கு மலைமேல் செம்மேட்டில் மளிகைக் கடை, கல்யாணமும் அங்கேதான். அடிவாரத்திலிருந்து எங்களை மலைக்கு ஏற்றிப்போகும் பொறுப்பைத் தாய்மாமன் கேட்டு வாங்கிக்கொண்டார். பழைய டீசல் பிக்கப் ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்தார்.

நாலாவது வளைவிலேயே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குத் தாவியது. மாமா வண்டியை ஓரங்கட்டினார். பின்னால் இருந்த பத்துப் பேரும் பனியில் நடுங்கிக்கொண்டே இறங்கி, சீர்த்தட்டுகளால் எஞ்சினுக்கு விசிறினார்கள். அத்தை தொட்டுப் பார்த்தார்.

"என்ற காப்பி இதவிடச் சூடா இருக்குமுங்க."

"முள்ளு பொய் சொல்லுமா?" என்றார் மாமா.

ஆறு, எட்டு, பத்து என்று அதே கூத்து. தண்ணீர் தீர்ந்ததும், சம்பந்திகளுக்கு வைத்திருந்த பன்னீரை எடுத்து எஞ்சினுக்குத் தெளித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இருபதாவது வளைவில் மறுபடி நிறுத்தியபோது மணி எட்டேகால்.

முன் சீட்டில் உட்கார்ந்து முள்ளையே முறைத்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

"மாமா, வலப்பக்கம் திரும்புனா மட்டும் ஏறுதுங்க. இடப்பக்கம் திரும்புனா எறங்கிக்குது."

"கல்யாணப் பொண்ணு பேசாம உக்காரு கண்ணு."

எங்கள் கிணற்று மோட்டாருக்கு ஒயர் மாட்டுவதே நான்தான். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். சூட்டை அளக்கும் சென்சாரின் ஒயர் தோலுரிந்து செம்பு தெரிந்தது. வண்டி வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் அது இரும்பில் போய்ப் பட்டிருக்கிறது. ஒயரைப் பிடுங்கினேன். முள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"எஞ்சின் செத்துப்போச்சு சாமி" என்று மாமா பதறினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெற்றிலை வைத்திருந்த பிளாஸ்டிக் கவரைக் கிழித்து, ஒயரில் சுற்றி, பூ நாரால் கட்டித் திரும்ப மாட்டினேன். முள் எழுந்து நடுவுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் அவர் கியர் போட்டார்.

வளைவுகள் முடிந்து சோளக்காடு தாண்டும்போதே ஒன்பது ஆகிவிட்டது. மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பத்து. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, முகூர்த்தம் தப்பிவிட்டது, இனி வேறு நாள்தான் பார்க்க வேண்டும் என்றார்.

மாமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடிகாரத்தை எட்டு ஐம்பதுக்குத் திருப்பி வைத்துவிட்டு இறங்கினார்.

"நேரங் கெடக்குதுங்களே. முள்ளு பொய் சொல்லுமுங்களா?"

சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மேளக்காரரிடம் தலையசைத்தார். அன்று முதல்முறையாக மாமா சொன்னதை நம்பி, எஞ்சின் மசி படிந்த விரல்களோடு நான் மணையில் போய் உட்கார்ந்தேன்.