உருவிப்போட்ட நீல ஒயர்

பாத்திமா மேடம் போய்விட்டார்கள் என்று மருமகள் போனைப் பார்த்துச் சொன்னபோது மாடியில் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தேன். ராயபுரத்தில் அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாததில் தப்பும் இல்லை.

துறைமுகச் சரக்குக் கம்பெனியில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவர்களைத் தெரியும். மெயின்பிரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவர்கள். நான் அந்த அறையைத் துடைத்து, டீ வாங்கிக் கொடுத்தவள். ஐந்தாவதோடு என் படிப்பு நின்றது. ஆனால் ஒருவர் என்னை ஒரு சொல் சொன்னால், அன்று அவர் கட்டியிருந்த புடவையின் நிறம்கூட மறக்காது. மேடம் அன்று பச்சை. டீ கிளாஸோடு உள்ளே போனதற்கு, அத்தனை பேர் எதிரில், "எத்தினி தபா சொல்றது? மிஷின் மேல ஊத்திகிச்சுன்னா நீயா வந்து பாப்ப? வெளிய போ" என்றார்கள். அதை விடாமல் நெஞ்சில் வைத்திருந்தேன்.

அந்த வருடம், லாரியைத் துறைமுக வாசலில் விடுவதற்கான கேட் பாஸ் சீட்டு மிஷினிலிருந்து வரத் தாமதமானது. கன்டெய்னர் லாரிகள் திருவொற்றியூர் வரை நின்றன. ஒரு டிரைவர் கவுன்டரில் கத்தினார்: "கப்பலு சிங்கப்பூர்லேர்ந்து வந்துட்ச்சு, உன் மிஷின்லேர்ந்து ஒரு சீட்டு வரல!"

மிஷின் கிழடாகிவிட்டது என்றார்கள் எல்லோரும். மேடம் ஒப்பவில்லை. என்னிடம்கூடச் சொன்னார்கள், மனத்தாங்கல் எனக்குத்தானே, அவர்களுக்கு இல்லையே. "மிஷின் ஒண்ணுதான்க்கா. உள்ள தனித்தனி கம்ப்யூட்டரா தடுத்து வெச்சிகீது, ஒரே வூட்ல ரெண்டு குடித்தனம் மாரி. ஒண்ணுல சரக்கு லிஸ்ட்டு, ஒண்ணுல கேட் பாஸ். இவ அவளாண்ட உப்பு கேக்க, ஒயர் புட்ச்சி தெருவுக்குப் போயி, சுத்திகினு வாசப்பக்கமா வர்றா. உள்ளயே ஒரு கதவு தொறந்தா முடிஞ்சிது."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையைத் துடைத்தேன்.

ஒரு மத்தியானம், மிஷின் பின்னாலிருந்து ஒரு நீல ஒயரை மேடம் உருவியதைப் பார்த்தேன். நேரே மேனேஜரிடம் போனேன். "மேடம் ஒயர புடுங்கிட்டாங்க சார். அதான் லாரியெல்லாம் நிக்கிது." லாரிகள் அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நின்றன என்பது எனக்குத் தெரியாதா?

முன்பு சொன்ன அந்தக் கதவை மிஷினுக்குள் திறந்துவிட்டு, ஒயர் இல்லாமலே உள்ளுக்குள் சேதி போகிறதா என்று பார்க்கத்தான் உருவினார்கள். அன்று சாயங்காலமே கேட் பாஸ் மளமளவென்று வந்தது. லாரி வரிசை கரைந்தது. ஆனாலும் கேட்காமல் கை வைத்தார் என்று மெமோ கொடுத்து, மணலி கிடங்குக்கு மாற்றினார்கள். அவர்களுக்கு வரவேண்டிய பதவி இன்னொருவருக்குப் போனது. நான் சந்தோஷப்பட்டேன். எழுதக் கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

கிளம்பும் நாளில் என்னைக் கூப்பிட்டு, ஒயரைச் சுருட்டிக் கையில் கொடுத்தார்கள். "இது இனிமே தேவயில்லக்கா. கெட்டியா கீது, துணி காயப் போட்டுக்கோ." இரண்டடி போய்த் திரும்பினார்கள். "நீ பாத்தியே, அதே ஒயர்தான்."

முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

குத்திக்காட்டிவிட்டார்கள் என்று அதையும் ஒரு வன்மமாக வைத்துக்கொண்டேன். நான் இருக்கும் தண்டையார்பேட்டையிலிருந்து அவர்கள் வீடு இருந்த ராயபுரம் ஒரு பஸ் தூரம். பதினோரு வருடம் அந்த பஸ்ஸில் ஏறி இறங்கினேன்; அவர்கள் தெருவுக்குள் மட்டும் போகவில்லை. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

அவர்களுடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒயர்தான். மாடியில் கட்டியிருக்கிறேன், இன்னும் அறவில்லை. சேதி கேட்ட அன்று, பிழிந்த புடவையை அதில் போடக் கை வரவில்லை. கைப்பிடிச் சுவரிலேயே விரித்துவிட்டு இறங்கி வந்தேன்.