விளம்பர இடைவேளையில் அத்தை சொன்னது

எங்கள் வீட்டில் ஒரே தொடரை ஐந்து பேர் சேர்ந்து பார்த்தது அந்த ஒரு முறைதான். வடக்கே எடுத்துத் தமிழில் குரல் மாற்றிப் போட்ட ராஜா கதை. ஓர் இளவரசி எதிரி நாட்டுத் தளபதியை விரும்புகிறாள். அவளுடைய அண்ணன் பட்டத்துக்கு வருகிறான். நாடு பிழைக்க வேண்டுமானால் தங்கையைப் பக்கத்து நாட்டுக் கிழட்டு மன்னனுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் ஓடிய கதை இவ்வளவுதான். யாராவது ஒரு சொல் சொன்னால் மூன்று முகங்களை மாற்றி மாற்றிக் காட்டி இடி முழக்குவார்கள். வாய் மூடிய பிறகும் தமிழ் வந்துகொண்டிருக்கும்.

அப்பா, அம்மா, நான் போக நான்காவது ஆள் அத்தை, அப்பாவின் தங்கை. புருஷன் சின்ன வயதிலேயே இறந்துவிட, பிள்ளைகளும் இல்லாததால் திண்டுக்கல்லுக்கு எங்களோடு வந்துவிட்டவர். முன்னறையில் மிஷின் போட்டு பிளவுஸ் தைத்தார். தொடர் பார்க்கும்போதும் கையில் கொக்கி கட்டும் வேலை இருக்கும். இளவரசியின் ரவிக்கையைப் பார்த்து, "அந்தக் காலத்துல ஏது இவ்வளவு எறக்கமான பின்கழுத்து?" என்பார். அதே பின்கழுத்தைக் கேட்டு எங்கள் தெருப் பெண்கள் வந்தபோது மறுபேச்சில்லாமல் தைத்துக் கொடுத்தார்.

ஐந்தாவது ஆள் எங்கள் பின் போர்ஷனில் குடியிருந்தவர். பள்ளிக்கூட வேன் ஓட்டினார். மனைவி இறந்து, மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். ஒருநாள் மேல்தொட்டி நிரம்பி வழிகிறது என்று சொல்ல வந்தவர் வாசலில் நின்றபடியே அந்த நாள் கதையை முழுக்கப் பார்த்தார். இடி விழுந்து அவர் வீட்டு டிவி போய்விட்டிருந்தது. அம்மாதான், "உள்ள வந்து உக்காருங்கண்ணே" என்று பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். மறுநாளும் வந்தார். பிறகு வருவது வழக்கமாகிவிட்டது.

அத்தை சொன்ன அன்று அவர் வரவில்லை. தளபதியைச் சிறையில் போட்டிருந்தார்கள். இளவரசி கோட்டை வாசல் வரை போய்விட்டு, நாட்டை நினைத்து அழுதுகொண்டு திரும்பினாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"குதிர நிக்குது, காவலுக்கு ஆளு இல்ல. போயிர வேண்டியதுதானே?"

"போகணும்னு நெனச்சிருந்தா போயிருக்கும்" என்றார் அப்பா.

விளம்பரம் வந்தது. அத்தை நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அண்ணே, நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

அப்பாவுக்குப் பிடிபடவில்லை. "யார?"

"பின்வீட்டுக்காரர."

எனக்கு அதிர்ச்சியாக இல்லை. அவர் வராத நாட்களில் அத்தை திரையை நிமிர்ந்தே பார்ப்பதில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். அப்பா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"ஒனக்கு என்ன வயசாகுது?"

"நாப்பத்தெட்டு. ஒங்களுக்குத் தெரியாததா?"

"அவரு வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு."

"தெரியும்ண்ணே. அவரும் என்னைய மாறச் சொல்லல, நானும் அவர மாறச் சொல்லல."

"அகரத்துல அண்ணன்ட்ட நான் என்னன்னு சொல்றது?"

அகரத்து அண்ணன் என்றால் என் பெரியப்பா. மல்லிகையும் தக்காளியும் போட்டுக்கொண்டு ஊரோடு இருந்தார். எங்கள் குடும்பத்தில் காதுகுத்தோ கிணறு வெட்டுவதோ, அவர் சரி என்றால்தான் நடக்கும். அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவும் அவர் முன்னால் உட்கார மாட்டார்.

தொடர் திரும்பவும் தொடங்கியது. அப்பா சத்தத்தைக் கூட்டினார். மிச்சத்தை எல்லோரும் பார்த்தோம்.

பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. அவர் போனில் பேசியதை அப்பா நின்றுகொண்டே கேட்டார். "சரிண்ணே, சரிண்ணே" என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது. அன்று மாலையே அப்பா பின்வீட்டுக்குப் போய் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். வேன்காரர் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு வாரத்தில் நத்தம் ரோட்டுப் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டார்.

அத்தை அசையவில்லை. அவரும் வேன்காரரும் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். மதம் மாறாமல் கட்டிக்கொள்வதென்றால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த ஒரு மாதமும் அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தார். அப்பா அவரோடு பேசவில்லை. ஆனால் தொடர் நேரத்தில் இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் இளவரசி அண்ணன் காலில் விழுந்து, "என் இதயம் என் வசத்தில் இல்லை அண்ணா" என்று கதறுவாள். அத்தை கொக்கி கட்டிக்கொண்டிருப்பார். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். அம்மா சாக்குச் சொல்லி அடுப்படிக்குப் போய்விடுவார். எனக்கும் எழுந்து போகத் தோன்றும். ஆனால் போகவில்லை.

பதிவுக்குப் போன காலையில் அத்தை பச்சை நிறப் புடவை கட்டியிருந்தார். சாட்சிக் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டிருந்தார். அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வாரேன்ண்ணே."

அப்பா பேப்பரை மடித்தார். "சாப்டியா?"

"சாப்ட்டேன்."

"மோடம் போட்டிருக்கு. கொட எடுத்துக்க."

அத்தை உள்ளே போய்க் குடையை எடுத்து வந்தார். ஆட்டோவில் ஏறியதும் அழ ஆரம்பித்தார். பதிவு அலுவலக வாசல் வரை அழுதார். மழை வரவில்லை.

வழியில் நான் கேட்டேன், "அந்த நாடகத்தப் பாத்துத்தான் தைரியம் வந்துச்சாத்தே?"

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அதப் பாத்து எப்படித் தைரியம் வரும்? அந்தப் புள்ள அழுதுக்கிட்டேதான இருக்கு."

நாங்கள் போகும்போது வேன்காரர் வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றிருந்தார். வேலை கொஞ்ச நேரத்தில் முடிந்தது. பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டுப் பிரிந்தோம்.

சில வாரங்களில் தொடரும் முடிந்தது. இளவரசி கிழட்டு மன்னனுக்கு மாலை போட்டாள். தளபதி எல்லையில் செத்துப்போனான். அம்மா எழுந்துபோன பிறகும் அப்பா உட்கார்ந்திருந்தார்.

"அந்த அண்ணங்காரன் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நத்தம் ரோட்டில் அத்தை வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கறிக்குழம்பு சாப்பிட்டதாக மட்டும் அம்மாவிடம் சொன்னார். பிறகு மாதம் ஒருமுறையாவது போய்வந்தார்.

அது பெரியப்பாவுக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். போன வருடம் அவருடைய மகனுக்குக் கல்யாணம். பத்திரிகை எங்களுக்கு வந்தது, அத்தைக்கு வரவில்லை. அப்பா மண்டபத்துக்குப் போய், அண்ணன் முன்னால் நின்று, தங்கச்சிக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். மணமக்களுக்குத் திருநீறு பூசிவிட்டு, பந்தியில் உட்காராமல் அப்பா திரும்பிவந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சோறு போடச் சொன்னார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் ஒன்றுமில்லை என்றார் அம்மா. பரவாயில்லை என்று மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.