ஆரோக்கியமேரியின் மூக்கு

ஆரோக்கியமேரிக்கு மூக்கு போய் இரண்டு வருஷமும் மூன்று மாதமும் ஆகியிருந்தது. பதற வேண்டாம், முகத்தில் மூக்கு இருந்தது, நன்றாகவே இருந்தது. போனது அதற்குள் இருந்த சமாச்சாரம். இரண்டாம் கொரோனா அலையில் வந்த காய்ச்சல், போகும்போது வாசனை, நாற்றம் இரண்டையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. வீட்டில் மூன்று பேருக்கும்தான் போனது. கணவர் ஜெயச்சந்திரனுக்கும் மகள் ஷெரினுக்கும் இருபது நாளில் திரும்பி வந்தது. "உனக்கு வந்துட்டா?" என்று ஜெயச்சந்திரன் கேட்டபோது, நாளைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் "வந்துட்டு, வந்துட்டு" என்று சொல்லிவைத்தாள். அந்த நாளைதான் இன்னும் வரவில்லை.

வேறு யாருக்காவது போயிருந்தால் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். தூத்துக்குடியிலிருந்து ஹைதராபாத் வந்த ஆரோக்கியமேரி, ஏ.எஸ்.ராவ் நகரின் அந்த நான்கு மாடி அபார்ட்மெண்டில் ஒரு ஆளாக நின்றதே அந்த மூக்கினால்தான். வந்த புதிதில் அவளுக்குத் தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. லிஃப்டில் யாராவது பேசினால் சிரித்து வைப்பாள், அவ்வளவுதான். ஒரு நாள் படியேறி வந்தவள் முதல் மாடியில் ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் அப்படியே நின்றாள். பிறகு பாஷையே இல்லாமல் கதவைத் தட்டித் தட்டி ஊரைக் கூட்டிவிட்டாள். உள்ளே கேஸ் கசிந்துகொண்டிருந்தது, காது கேட்காத பெரியவர் ஒருவர் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே மீட்டர் போர்டுக்குள் ஒயர் கருகுவதை, புகை வருவதற்கு முன்னால் சொன்னாள். அப்புறம் கேட்க வேண்டுமா! அசோசியேஷன் சால்வை போட்டது. பிள்ளைகள் 'சூப்பர் நோஸ் ஆன்ட்டி' என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் இரண்டாம் மாடிச் சிறுமி ஒருத்தி முதுகில் சிவப்புத் துண்டும் முகத்தில் அட்டை மூக்குமாகப் போய் நின்று பரிசே வாங்கிவிட்டாள். சும்மா சொல்லக் கூடாது, மேரிக்கும் கொஞ்ச நாள் தலைகால் புரியவில்லை.

மூக்கு போன பிறகும் அதன் பேர் போகவில்லை. பால் பாக்கெட், மீன், ஊறுகாய் பாட்டில், மழையில் நனைந்த அரிசி என்று எதையாவது தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார்கள். "ஆன்ட்டி, ஒரு தடவ மோந்து பாருங்க." மேரி கண்ணை மூடி மூச்சை இழுப்பாள். வெறும் காற்று. கண்ணை லேசாகத் திறந்து எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பாள். உதடு சுளிக்கிறதா, புருவம் ஏறுகிறதா என்று பார்த்து அதை வைத்துத் தீர்ப்பு. சந்தேகம் என்றால், "வேண்டாம், தூரப் போடுங்க." நல்ல பாலையெல்லாம் கீழே ஊற்ற வைத்த பாவம் அவளுக்கு நிறையவே சேர்ந்தது. ஒரே ஒரு முறை, நான்காம் மாடி ப்ரியா தன் குழந்தையின் பால்மாவு டின்னோடு வந்து நின்றபோது, டின் புதுசாய் இருக்கிறதே என்று "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். அதற்கப்புறம் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. மாடியில் அந்தக் குழந்தை அழுதால் இங்கே இவள் கைவேலையைப் போட்டுவிட்டு அண்ணாந்து நிற்பாள்.

வெளியே இப்படி என்றால் வீட்டுக்குள் இன்னும் மோசம். அடுப்பின் திருகை மூடினேனா என்று பத்துத் தடவை தொட்டுப் பார்ப்பாள். தன்மேல் நாற்றம் அடிக்கிறதோ என்ற பயத்தில் மூன்று வேளை குளித்தாள். குழம்பு கொதித்தால் தீய்ந்துவிடுமோ என்று அடுப்படியை விட்டு நகர மாட்டாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். சொன்னால் அப்புறம் நான் யார்? லிஃப்டில் சிரித்து வைக்கிற பழைய மேரிதானே? அந்த நினைப்பு வந்ததும் வாயை மூடிக்கொள்வாள்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. ஷெரினுக்குக் காய்ச்சல். பத்தாம் வகுப்புப் பிள்ளை, பள்ளிக்கூடம் போகாமல் மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளறையில் கதவைச் சாத்திப் படுத்திருந்தாள். மேரி காலையிலேயே மீன் குழம்பு வைத்தாள். குழம்பை இறக்கவும் சிலிண்டர் தீரவும் சரியாக இருந்தது. ஆபீசுக்குக் கிளம்பிய ஜெயச்சந்திரன் ஷூ போட்ட காலோடு வந்து புது சிலிண்டரை மாட்டினார்.

"வாஷர் சரியா இருக்கான்னு பாத்தியளா?"

"உன் மூக்கு இருக்கையில நான் எதுக்குப் பாக்கணும்? நேரமாச்சு, வாரேன்."

சோப்பு நுரையைத் தடவினால் கசிகிற இடத்தில் குமிழி வரும் என்று மேரி எங்கோ படித்திருந்தாள். இரண்டு வருஷமாக ஒவ்வொரு புது சிலிண்டருக்கும் கணவர் போன பிறகு திருட்டுத்தனமாக அதைத்தான் செய்துவந்தாள். அவர் முன்னால் செய்தால் குட்டு உடைந்துவிடுமே! அன்றும் அவர் போகட்டும் என்று காத்திருந்தாள். அவர் போனதும் உள்ளேயிருந்து ஷெரின், "மம்மி, வாட்டர்" என்று கூப்பிட்டாள். தண்ணீர் கொடுத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, துணியை நனைத்துப் போட்டதில் சோப்பு நுரை மறந்தே போனது. வெளியே தூறல் என்று சமையலறை ஜன்னலையும் சாத்தியிருந்தாள். பிறகு ஒரு மணி நேரம் ஹாலில் உட்கார்ந்து மாங்கு மாங்கென்று துணி மடித்தாள். ஒன்றும் தெரியவில்லை.

மல்லித்தழை வண்டிக்காரனின் குரல் கேட்டுக் கீழே போகக் கதவைப் பூட்டியபோது, எதிர் வீட்டுத் தெலுங்கு அம்மாள் சுஜாதா காரு தன் வாசலில் குனிந்து பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குனிந்தபடியே சொன்னார்: "மேரி காரு, மீ இண்ட்லோஞ்சி வாசன ஒஸ்தோந்தண்டி."

உங்கள் வீட்டிலிருந்து வாசனை வருகிறது! மேரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்த இரண்டு வருஷத்தில் தன் குழம்பு மணக்கிறதா நாறுகிறதா என்று தெரியாமல் செத்துப் பிழைத்தவள் அவள். அடுத்த வீடு வரைக்கும் வாசனை போகிறதென்றால் சும்மாவா?

"ஹவ், ஹவ்! ஆமா! சேப்பல புலுசு! மீன் குழம்பு! கொஞ்சம் தரட்டா?"

சுஜாதா காரு நிமிர்ந்தார். முகத்தில் ஒரு குழப்பம். மூக்கை ஒரு தடவை உறிஞ்சிப் பார்த்தார். ஆனால் சொல்வது யார்? சூப்பர் நோஸ் ஆன்ட்டியே மீன் குழம்பு என்று சொன்ன பிறகு, தன் மூக்கை நம்ப அவருக்கு என்ன பைத்தியமா? "சரேண்டி, கிண்ணம் எடுத்துட்டு ஒஸ்தானு" என்று அரைத் தமிழில் சிரித்தார். அந்த முகக் குழப்பத்தை மேரி பார்க்கவில்லை. அதற்குள் இரண்டு படி இறங்கிவிட்டாள்.

தெருவில் மல்லித்தழைக் கட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது குப்பை ஆட்டோ வந்து நின்றது. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் சட்டென்று துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். "ச்சீ! ஏம் வாசன!"

மேரியின் கையில் கட்டு அப்படியே நின்றது. அந்தப் பெண் என்ன சொன்னாள்? வாசனை என்றா? குப்பைக்கா? மூக்கைப் பொத்திக்கொண்டா? மூக்கு இருந்த காலத்தில் அந்தத் தெலுங்கு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. நாற்றம் என்றால் அவளுக்கே தெரியும், பாஷை எதற்கு? நல்லதோ கெட்டதோ, மூக்கில் ஏறுவதெல்லாம் இவர்களுக்கு வாசனதான். அப்படியானால் என் வீட்டிலிருந்து வந்தது?

புது சிலிண்டர். நுரை போட்டுப் பார்க்கவில்லை. பிள்ளை உள்ளே தூங்குகிறது.

"யேசுவே!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். லிஃப்ட் பக்கம் போகவில்லை, படியில் ஏறினாள். நாற்பத்துநாலு வயசு முழங்கால் இரண்டும் கழன்றுவிடும்போல் இருந்தது. ஃபிரிஜ் எந்த நிமிஷமும் க்ளிக் என்று ஓட ஆரம்பிக்கும். ஷெரின் எழுந்து லைட்டைப் போடுவாள். கடவுளே, போடாமல் இருக்கணுமே. முதல் மாடி. இரண்டாம் மாடி.

மூன்றாம் மாடியில் ஏறியதும் மேரிக்கு உயிரே போய்விட்டது. மேரி திரும்பிவிட்டாள் என்று நினைத்தோ என்னவோ, சுஜாதா காரு ஒரு கையில் கிண்ணத்தோடு மேரி வீட்டு வாசலில் நின்றிருந்தார். இன்னொரு கையின் விரல் காலிங் பெல்லுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நக்கோ! நக்கோ! பெல் கொட்டொத்து!"

வேண்டாம், பெல்லை அடிக்காதீர்கள் என்று, எந்தப் பாஷை வாயில் வந்ததோ அந்தப் பாஷையில் அலறினாள். கிண்ணம் கீழே விழுந்து உருண்டது. மேரி சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து உள்ளே ஓடினாள். ரெகுலேட்டரை மூடினாள், ஜன்னலைத் தள்ளித் திறந்தாள், உள்ளறைக் கதவைத் திறந்தாள். ஷெரின் அரைத் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, "வாட் ஹேப்பண்ட் மம்மி?" என்று ஃபேன் ஸ்விட்சுக்குக் கையை நீட்டினாள். அந்தக் கையில் மேரி அடித்த அடி பிள்ளைக்கு மறக்காது. போர்வையோடு வாரிக்கொண்டு வெளியே இழுத்து வந்து சுஜாதா காருவின் வீட்டு சோபாவில் போட்டாள். ஷெரின் பயந்து அழுதாள். உயிரோடு அழுதாள்.

இனி என்ன? மூடியது சரியாக மூடியதா, போய்க்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா? மேரி தன் வீட்டு வாசலில் நின்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். வழக்கம்போல வெறும் காற்று.

"இங்கா ஒஸ்தோந்தா?" என்று சுஜாதா காருவிடம் கேட்டாள். இன்னும் வருகிறதா?

சுஜாதா காரு அவளை ஒரு மாதிரி பார்த்தார். "மீரே செப்பண்டி." நீங்களே சொல்லுங்கள் என்கிறார். பின்னே? இந்தக் கட்டடத்தில் அந்தக் கேள்வியை எல்லாரும் கேட்பது மேரியிடம்தானே!

மேரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாது காரு. நாக்கு முக்கு லேது. எனக்கு மூக்கே இல்ல. கொரோனாவுல போயிட்டு. எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்க மோந்து சொல்லுங்க."

சுஜாதா காரு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் போய் நின்றார். "ஒஸ்தோந்தி" என்றார். ஐந்து நிமிஷம் கழித்தும் "ஒஸ்தோந்தி." மேரி ஒவ்வொரு தடவையும் அந்த முகத்தையே பார்த்தாள். கால் மணி நேரம் கழிந்து, "தக்கிந்தி" என்றார். குறைந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே சமையலறை வரைக்கும் போய்வந்து, "போயிந்தி" என்றார்.

அதற்குள் நான்கு மாடியும் கூடிவிட்டது. அசோசியேஷன் செயலாளர் பக்தவத்சலம், ஹைதராபாத்திலேயே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழ் எஞ்சினியர், கும்பலை விலக்கிக்கொண்டு வந்தார். "பார்த்தீங்களா! நான் அப்பவே சொல்லலை? தெருவிலே நின்னே மோப்பம் பிடிச்சு ஓடி வந்திருக்கா. நம்ம மேரிம்மா மூக்குன்னா மூக்குதான். இந்தத் தடவையும் ஒரு சால்வை போட்டுடலாம்!" நாலு பேர் கைதட்டினார்கள்.

சும்மா இருந்தால் போதும். சுஜாதா காருவுக்குத் தமிழ் பாதிதான் புரியும். பெயர் இன்னும் பத்து வருஷம் ஓடும். மேரிக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஒரு நிமிஷம் வாயைத் திறக்காமல்தான் நின்றாள், பொய் சொல்வானேன்.

"சார், நிறுத்துங்க" என்றாள். "கண்டுபிடிச்சது இவங்க. நான் மீன் குழம்புன்னு சொல்லி இவங்களையும் ஏமாத்தி விட்டுட்டேன். எனக்கு மூக்கு செத்துப்போயி ரெண்டு வருஷம் ஆச்சு. உங்க எல்லாருக்கும் சும்மா மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

கைதட்டல் நின்றது. முதலில் பேசியது ப்ரியா. இடுப்பில் குழந்தை. "அக்கா, அப்ப அந்தப் பால்மாவு டின்?"

"தெரியாமத்தான் சொன்னேன்மா."

"கொழந்தை குடிக்கறதுக்கா? எப்படிக்கா மனசு வந்தது?" ப்ரியாவின் கண் சிவந்துவிட்டது. குழந்தையை இறுக்கிக்கொண்டு மடமடவென்று மேலே ஏறிப் போய்விட்டாள். ஒருவரும் மேரிக்குப் பரிந்து பேசவில்லை. பேசவும் கூடாது. பக்தவத்சலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, எல்லாரும் போங்க, போங்க" என்றார். ஒவ்வொருவராகப் போனார்கள். சிலர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

ஜெயச்சந்திரனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர், "நான் பாத்திருக்கணும்டி" என்று மட்டும் சொல்லி, கிளம்பி வருவதாகச் சொன்னார். வாஷர் இருக்கும் இடத்தில் வாஷரே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

மேரி சுஜாதா காருவின் சோபாவில் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஷெரின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வீட்டில் எப்போதும் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை, அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தமிழில் கேட்டது.

"டெய்லி நான் ஸ்கூல் போறப்ப என் தலைய மோந்து பாத்து அனுப்புவியே. அதுவும் தெரியாதா?"

"தெரியாது."

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமா." மேரிக்கு அழுகை வந்துவிட்டது. "தெரியாதுன்னு தெரிஞ்சும் மோந்துக்கிட்டுத்தான் இருக்கேன் மக்கா."

ஷெரின் தன் தலைமுடியில் ஒரு கொத்தை இழுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இப்ப கேஸ் நாத்தம்மா. நான் தலைக்குக் குளிச்சிட்டு வரேன். அப்புறம் நீ மோந்து பாரு, எப்படி இருக்குன்னு நான் சொல்றேன்."