நூறு பைட்டுக்குள் அடங்காத பெயர்

1

ஓய்வு பெற்ற இரண்டாவது வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தோட்டத்துப் பிராந்திய அலுவலகத்தில் முப்பது வருடம் நான் உட்கார்ந்திருந்த கதிரையில் இப்போது இருப்பவர் நிஸ்மியா. குருவிட்டக்காரர். அவர் எனக்குப் போன் எடுத்தார்.

"சேர், ஒரு கேள்வி. தெற்குப் பிரிவு மூணாம் லயத்துல முத்துன்னு ஒரே ஒரு ஆள்தான் வாழ்ந்தீக்கிறாரா?"

"ஏன்? முத்துசாமி, முத்துவேல், முத்துக்கருப்பன்னு அங்க வரிசையா இருப்பாங்களே."

"அப்ப அத்தன பேருக்கும் சேத்து ஒரே ஒரு புள்ளதான் பொறந்தீக்கிது. நீங்க செஞ்ச ஆர்க்கைவ் அப்படித்தான் சொல்லுது."

நான் சிரித்தேன். நிஸ்மியா சிரிக்கவில்லை.

"சேர், எண்ணூத்து நாப்பத்தாறு பக்கத்த வச்சீக்கிறீங்க. பிரிச்சா எழுவத்தொரு ஃபைல்தான் வருது. நான் மூணு தடவ பிரிச்சிட்டேன். அதுல வராத புள்ள ஒண்ணு இங்க வந்து உக்காந்தீக்கிது. கொஞ்சம் வாங்க."

அலுமாரியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அந்த எண்ணூற்று நாற்பத்தாறு பக்கங்களின் மூலப் பிரதி உலகத்தில் எங்கும் இல்லை. அவற்றை எரித்ததற்கான சான்றிதழில் முதல் கையெழுத்து என்னுடையது.

2

நடந்தது என்ன என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

தோட்டங்களில் பிள்ளை பிறந்தால் முதலில் தோட்டத்துப் பிறப்புப் புத்தகத்தில்தான் பதிவார்கள். பலருக்கு அத்தோடு சரி. பதிவாளரிடம் போய் அத்தாட்சிப் பத்திரம் எடுக்காமல் விட்டவர்கள் ஏராளம். கறையான் தின்றது போக எஞ்சியிருந்த அந்தப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, எல்லாப் பக்கங்களையும் ஆர்க்கைவ் என்ற ஒரே பொதியாகக் கட்டிச் சேமிப்பது என்று முடிவாயிற்று. அதற்கான புரோகிராமையும் நடைமுறைக் கையேட்டையும் எழுதியவன் நான். எழுதியவனே நான் என்பதால், கையேட்டை வாசிக்கும் அவசியம் எனக்கு ஏற்படவில்லை.

புரோகிராமில் ஒரு ஃபங்ஷன். அது ஃபோல்டரைத் திறக்கும். ஒவ்வொரு ஃபைலின் பெயர், சைஸ், கடைசியாக மாறிய நேரம் ஆகியவற்றை டிஸ்க்கிடம் கேட்கும். கேட்டதை ஹெடர் என்ற தலைச்சீட்டில் எழுதும். தலைச்சீட்டின் பின்னால் ஃபைலின் உள்ளடக்கத்தை அப்படியே சேர்க்கும். பிறகு அடுத்த ஃபைல். தேயிலைப் பெட்டியின் மேல் பெயரும் நிறையும் எழுதி லொறியில் ஏற்றுவது போலத்தான். தலைச்சீட்டில் பெயருக்கு நூறு பைட் இடம் விட்டேன். தாராளம் என்று நினைத்தேன்.

ஆங்கிலப் பெயருள்ள நாற்பது ஃபைல்களை வைத்துச் சோதித்தேன். கட்டினேன், பிரித்தேன், எல்லாம் வந்தன. பிறகு, கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்த சாந்தியும் அவளுடைய தங்கையும் ஸ்கேன் செய்ய வந்தார்கள்.

"ஐயா, ஃபைலுக்குப் பேரத் தமிழ்லயே அடிக்கலாங்களா?" என்று சாந்தி கேட்டாள்.

"தாராளமா அடிங்க. நம்ம ஆளுங்க பேரு நம்ம எழுத்துல இருக்கட்டும்" என்றேன். அன்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

அவர்கள் தோட்டத்து வழக்கப்படி அடித்தார்கள். இங்கே ஓர் ஆளை அழைப்பதே அப்படித்தான்: முதலில் தோட்டத்தின் பிரிவு, பிறகு குடியிருக்கும் வரிசை வீடான லயம், பிறகு தகப்பன், கடைசியில்தான் ஆள். தெற்குப்பிரிவு, மூன்றாம்லயம், முத்துசாமி, அதன் பிறகு பிள்ளையின் பெயர்.

ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ் எழுத்துக்கு மூன்று பைட். அதில் ஏறும் கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக இன்னும் மும்மூன்று. நூறு பைட் என்பது தமிழில் 'தெற்குப்பிரிவு-மூன்றாம்லயம்-முத்து' என்பதோடு முடிந்துவிடும். மிச்சத்தை என் ஃபங்ஷன் ஒரு வார்த்தை சொல்லாமல் வெட்டி எறிந்தது. தொடக்கம் ஒன்றாயிருந்தவை எல்லாம் வெட்டுப்பட்டு ஒரே பெயரோடு நின்றன. பிரிக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று எழுதி, கடைசியாக வந்த பிள்ளை மட்டும் மிஞ்சியது.

கட்டி முடித்ததும் ஃபைல்களின் எண்ணிக்கையைப் பார்த்தேன்: 846க்கு 846. மொத்த சைஸும் சரி. ஆர்க்கைவை முழுவதும் பிரித்து மூலத்தோடு ஒப்பிட வேண்டும் என்பது கையேட்டின் பதினான்காம் விதி. நாற்பது ஃபைலில் அதைச் செய்துவிட்டோமே என்று தாண்டிப் போனேன். 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்திட்டேன். அந்தக் கையெழுத்தை நம்பி, பழையதை அழிக்க அனுமதி கொடுக்கும் கண்டம் போர்டு கூடியது. தனித்தனி ஸ்கேன் ஃபைல்கள் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கப்பட்டன, புத்தகங்கள் தேயிலை டிரையரின் அடுப்புக்குள் போயின. சாட்சியாகப் பக்கத்தில் நின்று, சூடு தாங்காமல் கைக்குட்டையால் முகம் துடைத்தவனும் நான்தான்.

3

அலுவலகத்தில் வாங்கில் உட்கார்ந்திருந்த பெண் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். இருபத்து மூன்று வயது. முத்துசாமியின் மகள் புவனேஸ்வரி. ஆஸ்பத்திரி ஒன்றில் உதவியாளர் வேலைக்குத் தெரிவாகியிருந்தாள். அதற்கு அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்பு அத்தாட்சி. பிறப்பு அத்தாட்சிக்குத் தோட்டத்துப் பதிவின் பிரதி. வெள்ளிக்கிழமை கஹவத்தையில் நடமாடும் சேவை. எல்லா அதிகாரிகளும் ஒரே இடத்தில் உட்காரும் நாள் அது. அதைத் தவற விட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"ஐயா, பொஸ்தகத்த எரிச்சிட்டீங்களாமே, நெசமாங்களா?"

"ஆமா" என்றேன்.

"அப்ப நான் பொறந்ததுக்கு அத்தாட்சியே இல்லீங்களா?"

தோட்டத்து மேலாளரான பெரிய தொரை தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். "மிஸ்டர், நீங்கதானே 'சரி'ன்னு சைன் பண்ணினது? நான் உங்க சைனப் பாத்துத்தானே என் சைனப் போட்டேன்?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் சுட்டது.

நிஸ்மியா கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். திரையில் எழுபத்தொரு பெயர்கள், ஒவ்வொன்றின் வாலிலும், பாதியில் வெட்டுப்பட்ட எழுத்தின் இடத்தில் ஒரு கேள்விக்குறி. எழுபத்தொன்று போக மீதி எழுநூற்று எழுபத்தைந்து பேர். அவர்களை அடுப்புக்குள் போட்டது நான் என்றுதான் அப்போது தோன்றியது.

"சேர், மொகத்த அப்படி வச்சீக்காதீங்க. ஆர்க்கைவ் ஃபைலோட சைஸப் பாத்தீங்களா?"

பார்த்தேன். அது குறையவில்லை.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. வெட்டுப்பட்டது பெயர்கள் மட்டும். பக்கங்கள் எல்லாம் உள்ளே வரிசையாக இருந்தன. தலைச்சீட்டில் சைஸும் சரியாக இருந்தது. பெயரை நம்பாமல், ஒவ்வொரு தலைச்சீட்டிலும் சைஸை மட்டும் வாசித்து, அத்தனை பைட்டை எடுத்து, ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு வெளியே எழுதினால் போதும். பிரிக்கும் ஃபங்ஷனில் எட்டு வரி மாற வேண்டியிருந்தது. நான் சொல்லச் சொல்ல நிஸ்மியா அடித்தார். இரண்டு இடத்தில் என்னைத் திருத்தினார்.

எண்ணூற்று நாற்பத்தாறும் வந்தன. வாய்விட்டு மூச்சு விட்டேன்.

நிஸ்மியா பக்கங்களைத் தட்டிக்கொண்டே போனார். இருநூற்றுப் பன்னிரண்டாவதில் நின்றார்.

"முத்துசாமி, மூணாம் லயம், தெற்குப் பிரிவு. தாய் பேரு செல்லம்மா. தேதியும் சரி. ஆனா சேர்..."

பிள்ளையின் பெயருக்கான கட்டத்தில் எதுவும் இல்லை. பக்கத்துக் கட்டத்தில் 'பெண்' என்று மட்டும் இருந்தது.

பேர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிட்டு, பிறகு யாரும் நிரப்பவில்லை. சாந்தி அதே லயத்துக்காரி. யாருடைய பிள்ளை யார் என்று தெரிந்தவள். பக்கத்தில் இல்லாத பெயரை அவள் ஃபைலின் பெயரில் அடித்து வைத்திருக்கிறாள். புவனேஸ்வரி என்ற பெயர் அந்தப் பக்கத்தோடு சேர்ந்திருந்த ஒரே இடம் அது. அதைத்தான் நான் வெட்டியிருந்தேன்.

எனக்கு அன்று விழுந்த அடிகளில் இதுதான் பெரியது. புத்தகங்கள் எரிந்தன என்பதைக்கூட தலைவிதியின் கணக்கில் எழுதிவிடலாம். இதை என் கணக்கில் மட்டுமே எழுத முடியும்.

"எனக்கு மேல மூணும் அண்ணனுங்க" என்றாள் புவனேஸ்வரி. "எங்கப்பாவுக்குப் பொம்பளப் புள்ள நான் ஒருத்திதான். அப்ப இது நான்தானுங்களே?"

4

வெள்ளிக்கிழமை கஹவத்தைக்கு நானும் போனேன். தொரை ஒப்பமிட்ட பிரதி, தகப்பனின் சத்தியக் கடதாசி, நடந்த தவறை விளக்கி நான் எழுதிய கடிதம் எல்லாம் ஒரு கவரில் இருந்தன. முத்துசாமி சுத்தமான வேட்டி கட்டி வந்திருந்தார். அதிகாரி என் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். "தவறு உங்களோடதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, மாத்தயா" என்றார். ஆமென்றேன். முத்துசாமியிடம் நாலு கேள்வி கேட்டார். பிறகு படிவத்தை எடுத்தார்.

ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். தகப்பன் பெயரோடு சேர்த்து எழுதினால் கடைசிக் கட்டம் போதவில்லை.

"பேர் நீளம், தங்கச்சி. எம். புவனான்னு போட்டுக்குவமா? வேலைக்கு அது போதும்."

புவனேஸ்வரி என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"வேணாங்க. முழுசா எழுதுங்க. கட்டம் பத்தலன்னா வெளியில எழுதுங்க."

அதிகாரி கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் மிச்சத்தை எழுதினார்.

அடுத்த வாரம் நான் அலுவலகத்துக்குப் போய் அந்த ஃபங்ஷனைத் திருத்திக் கொடுத்தேன். இப்போது பெயருக்கு இட எல்லை இல்லை. எவ்வளவு நீளமானாலும் ஏற்கும், ஏற்க முடியாவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு உரக்கச் சொல்லும். கையேட்டில் பதினான்காம் விதியை முதலாம் விதியாக்கினேன். ஃபைலின் பெயரில் ஆளின் பெயர் முதலில், லயம் கடைசியில். புரோகிராம் எழுதும் பிள்ளைகளுக்கு என்னிடம் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: எண்ணிக்கை சரியாக வந்தது என்பதற்காக எதையும் எரிக்காதீர்கள். பிரித்துப் பாருங்கள். உள்ளே யார் இருக்கிறார் என்று பெயரை வாசியுங்கள், கடைசி எழுத்து வரைக்கும்.