பெட்டி தூக்குகிறவருக்கு ஒற்றை நட்சத்திரம்

போன செவ்வாய்க்கிழமை காலை, புனே விமான நிலையத்தின் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள்.

பெருமைப்பட்டிருக்கலாம். எனக்கோ பயம்தான் வந்தது. என்ன செய்துவிட்டேன்? புனேயில், ஔந்த் பகுதியில் இருக்கும் வீட்டில் கேஸை அணைக்காமல் வந்துவிட்டேனா... அதற்கு எதற்கு விமான நிலையத்தில் கூப்பிடப் போகிறார்கள்? பயம் வந்தால் என் மூளை இப்படித்தான் — செய்த குற்றம் போதாது என்று புதிதாக நாலு தயாரிக்கும்.

விஷயம் சின்னது. கைப்பையில் வைக்க வேண்டிய பவர் பேங்கை, சென்னைக்குப் போகும் பெட்டியில் வைத்துவிட்டேன். கீழே ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள். ஸ்கேனர் அருகே ஒரு காவலர். என் பெட்டியோடு, சாமான் ஏற்றி இறக்கும் லோடர் ஒருவர். பேட்ஜில் 'குமார்'. இந்தியா முழுக்க இருக்கும் பெயர்.

"லாக் கோலியே, சார்" என்று பூட்டைத் திறக்கச் சொன்னார்.

மூன்று எண் பூட்டு. எண் என்ன? மண்டைக்குள் வெள்ளைத்தாள். காவலர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்து நான் செய்ததுதான் இன்றுவரை என்னைக் கூச வைக்கிறது.

"கீழே போட்டுப் பூட்டையே கெடுத்துவிட்டீர்கள்" என்று குமார் மேல் இந்தியில் பாய்ந்தேன். பயணிகளின் கருத்துக் கேட்டு சுவரில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, ஒற்றை நட்சத்திரம் போட்டு, அவர் பெயரோடு புகார் தட்டினேன். அவர் ஏதோ மெசேஜ் என்று நினைத்திருப்பார்.

பிறகு மனைவிக்கு போன். புனேத் தமிழர்களுக்கு ஒரு தைரியம் உண்டு. தமிழில் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் இங்கே யாருக்கும் புரியாது! லிஃப்டில், காய்கறிக் கடையில் எல்லாம் அப்படித்தான் ஊரைத் திட்டிக்கொண்டு திரிகிறோம்.

"தூக்கிப் போடறதுதான இவங்க வேலை? இதுக்கு என்ன திறமை வேணும்?" என்றேன்.

"நம்பர் வெச்சது நீங்க. என்னைக் கேட்டா?" என்று வைத்துவிட்டாள்.

குமார் குனிந்து, மெதுவாகச் சொன்னார். தமிழில்.

"கல்யாண நாளப் போட்டுப் பாருங்க சார். முக்காவாசிப் பேரு அதத்தான் வெப்பாங்க. அதத்தான் மறப்பாங்க."

போட்டேன். டக்.

"நீங்க... தமிழா?"

"ஆமா சார். இங்க புனேலயே, கட்கி ஏரியா. அப்பா அங்க ஆர்மி ஃபேக்டரில வேலைக்கு வந்தாரு."

பவர் பேங்கை என்னிடம் கொடுத்தார். ஓரத்தில் இருந்த ஊறுகாய் பாட்டிலை வேட்டியில் சுற்றி நடுவில் வைத்தார். "ஓரத்துல இருந்தா உடையும் சார். அடுக்கறப்ப மேல வெயிட் வரும்."

குற்ற உணர்ச்சியில் குசலம் விசாரித்தேன். எத்தனை வருஷமாக இந்த வேலை?

"ஏழு. லோடருன்னா அன்ஸ்கில்டு சம்பளம் சார். பிளேனப் பின்னால தள்ற வண்டி இருக்குல்ல, அத ஓட்டினா ஸ்கில்டு. டிரெய்னிங் முடிச்சிட்டேன். இந்த வாரம் கிரேடு மாத்தறாங்க. பேர்ல கம்ப்ளெயின்ட் மட்டும் இருக்கக் கூடாது."

பாக்கெட்டில் போன் சுட்டது.

மேலே ஓடினேன். டியூட்டி மேனேஜர் ஒரு மராத்திப் பெண்மணி. புகாரை அழிக்க முடியாதாம். மறுப்பு எழுதிக் கொடுத்தால் கூடவே சேர்த்து அனுப்புவாராம். 'ஒரு தவறான புரிதல்' என்று எழுதினேன். "யாருடைய?" என்று இந்தியில் கேட்டார். கிழித்தேன். 'பூட்டில் சிறு சிக்கல்.' அதுவும் பொய். மூன்றாவது தாளில்தான் வந்தது: 'நம்பரை மறந்தது நான். பயத்தில் அவர் மேல் பழி போட்டதும் நான்.'

இரண்டு நேர்மையான வரிகளுக்கு மூன்று தாள். இருபது வருஷமாக எழுதிப் பிழைக்கிறேன் — நான் எந்த கிரேடு?

கிரேடு கிடைத்ததா, தெரியாது. புகார் கொடுத்தது நான்தான் என்று குமாரிடம் சொன்னேனா? இல்லை. விமானத்தில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். கீழே அவர் என் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

தூக்கிப் போடவில்லை. வைத்தார்.