மாடிப்படிக்கு அடியில் ஒரு ஜெனரேட்டர்

ஜெனரேட்டரை வாடகைக்கு விடுவது சுலபம். அதை வீட்டுக்கு வெளியே நிற்க வைப்பதுதான் தொழில். மூடின இடத்தில் ஓடினால் அதன் புகையில் இருக்கும் வாசனையில்லாத விஷ வாயு உள்ளேயே தேங்கும். தூங்குகிறவர்கள் தூங்கினபடியே போய்விடுவார்கள். இதைத் தொண்டை வறளச் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கத்தில் "ம்... ம்..." மட்டும் கேட்டு நொந்துபோன சக பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

கிழக்குத் தாம்பரத்தில் அப்பாவுக்கு சவுண்ட் சர்வீஸ் கடை. போன புயலில் ஊரெல்லாம் கரண்ட் போனதும் ஸ்பீக்கர்களை ஓரங்கட்டிவிட்டு ஜெனரேட்டர்களை இறக்கினோம். அப்பாவும் எலக்ட்ரீஷியன் செல்வம் அண்ணாவும் வேனில். பிளஸ் டூ படிக்கும் நான் கடை போனில். ஒருமுறை கேட்ட குரலை அப்படியே பேசுவேன். எங்கள் பள்ளியில் இதைத் திறமை என்று சொல்வதில்லை.

அந்த ஒரு மோட்டார்

அனகாபுத்தூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். என்னென்ன ஓட வேண்டும் என்று கேட்டேன். ரெண்டு ஃபேன், நாலு லைட், ஒரு ஃபிரிட்ஜ், அவ்வளவுதான் என்றார். ஃபிரிட்ஜ் ஓடும்போது சாது. ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் மட்டும் பல மடங்கு கேட்கும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, சின்ன மெஷினே போதும் என்று அனுப்பினோம்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி போன். மெஷின் முக்கி முனகி நின்றுவிட்டதாம். துருவித் துருவிக் கேட்டதில், போர்வெல் மோட்டாரைப் போட்டிருக்கிறார். ஸ்டார்ட் ஆவதில் மோட்டாருக்கு முன்னால் ஃபிரிட்ஜெல்லாம் பச்சைக் குழந்தை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணா?" என்றேன்.

"இன்னா பாப்பா, வூட்டுல இன்னா கீதுன்னுதான கேட்ட? மோட்டாரு வெளிய கீதும்மா!"

ரெண்டு பக்கமும் பிளக்

குரோம்பேட்டையில் ரிட்டயரான ஒரு சார், ஒயரின் ரெண்டு முனையிலும் பிளக் மாட்டித் தரச் சொன்னார். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை ஹால் சுவிட்ச் போர்டில். வீடு முழுக்க வெளிச்சம். செல்வம் அண்ணா முடியவே முடியாது என்றார். கரண்ட் அப்படியே மீட்டர் வழியாகத் தெரு லைனுக்கு ஏறும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் செத்துப் போவார் என்று விளக்கினார்.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பொறுமையாகக் கேட்டாராம்: "அந்த லைன்மேன்தான் புயல் அடிச்சதுலேருந்து இந்தப் பக்கமே வரலியேப்பா?"

குழந்தை தூங்கும் வீடு

அஸ்தினாபுரத்தில் ஒரு அபார்ட்மென்ட். தரைத்தளத்தில் ஒரு டீச்சர். பிரசவத்துக்கு வந்த மகள், பிறந்து சில நாளே ஆன பேரன். செல்வம் அண்ணா மெஷினைக் காம்பவுண்ட் ஓரம் செங்கல்மேல் ஏற்றி, நாலு பக்கமும் காற்று வரும்படி மேலே தகரம் போட்டு, புகைக்குழாயை ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டு வந்தார். அவர் இறக்கும்போதே அசோசியேஷன் செகரெட்டரி கடைக்குப் போன் போட்டு, "உங்க வேன் கேட்டை மறிச்சுட்டு நிக்குது, ஐ ஆம் டெல்லிங் யூ!" என்று கத்தினார். மனுஷனுக்கு அருமையான குரல். ரெண்டு தடவை கனைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

சாயங்காலம் டீச்சர் நன்றி சொல்லக் கூப்பிட்டார். சாரல் அடிக்கிறது, யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று மெஷினை மாடிப்படிக்கு அடியில் தள்ளி, ஷட்டரையும் இறக்கிவிட்டார்களாம். "சத்தமே கேக்கல. பேரன் நல்லா தூங்குறான். பொண்ணுக்கு மட்டும் கொஞ்சம் தலைவலி." விஷ வாயு, தலைவலிதான் அதன் முதல் அடையாளம், உடனே நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். டீச்சர் சிரித்தார்: "ஜன்னல் லேசா திறந்துதாம்மா இருக்கு. சின்னப் பொண்ணு நீ, ரொம்ப பயப்படாதே."

கனைப்பு

வேன் செம்பாக்கத்தில் தண்ணீருக்குள் நின்றிருந்தது. அப்பா டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை குழந்தை காத்திருக்காது. கடை நம்பர் டீச்சருக்குத் தெரியும் என்பதால் அம்மாவின் போனை எடுத்தேன். ரெண்டு தடவை கனைத்தேன்.

"டீச்சர்! என் போன்ல சார்ஜ் இல்ல, இது வேற நம்பர். மாடிப்படிக்கு அடியில என்னத்தை வெச்சிருக்கீங்க? ஆயில் சிந்தி டைல்ஸ் கறையானா யார் மாத்தித் தருவா? ஆஃப் பண்ணி இப்பவே காம்பவுண்ட் ஓரத்துக்கே கொண்டு போங்க! பெட்ரோல் நாத்தம் மூணாவது மாடி வரைக்கும் வருது, கதவு ஜன்னல் எல்லாத்தையும் முழுசா திறங்க! அது போற வரைக்கும் குழந்தையைத் தூக்கிட்டு எல்லாரும் வெளிய போர்ட்டிகோவுல நில்லுங்க! ஐ ஆம் டெல்லிங் யூ!"

"சாரி சார், இதோ சார்" என்றார் டீச்சர். பின்னாலேயே ஷட்டர் ஏறும் சத்தமும் மெஷின் நிற்கும் சத்தமும் கேட்டன. அப்புறம் செல்வம் அண்ணா நடந்தே போய்ப் பார்த்தார். மெஷின் தகரத்துக்கு அடியில் இருந்தது. மகளுக்குத் தலைவலி குறைந்திருந்தது. ஆனாலும் தாயையும் பிள்ளையையும் டாக்டரிடம் காட்ட அனுப்பிவைத்தார். பேரன் பாலுக்கு அழுதுகொண்டிருந்தான்.

மறுநாள் காலை செகரெட்டரியே கடைக்குக் கூப்பிட்டார். ரெண்டு கனைப்பு. "ஏம்மா, நான் டீச்சருக்குப் போன் பண்ணி சத்தம் போட்டேனாம். எனக்கு சுத்தமா ஞாபகமில்ல. ஆனா அவங்க சொல்றதைக் கேட்டா, பேசினது நானேதான்!"

மூச்சு நின்றுவிடும் என்றால் ஒரு அடிகூட நகராத ஜெனரேட்டர், டைல்ஸ் கறையாகும் என்றால் ஓடியே போய்விடுகிறது.